பாதி காய்ந்த வடாம்

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள் எனக்கு.
ஒரு கையேடு, ஒரு துணிப்பை, மதியம் சாம்பார் சாதம்.
"ஒன்பதாம் வகுப்புக்குத் தொழில்முனைவு
இனி நீங்கதான் டீச்சர்."
நான் சம்பளத் தேதியை நம்பிப் பிழைப்பவள்.
ஐந்து ரோட்டில் ஆட்டோக்காரர் கேட்டதை
அப்படியே கொடுத்துவிட்டு
வீடு வரைக்கும் மனசுக்குள் பேரம் பேசுகிறவள்.

வெள்ளி, கடைசிப் பிரிவேளை, அம்மாப்பேட்டை.
பின்சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறிகள்
என் குரலை இழை இழையாக வாங்கிக்கொண்டிருந்தன.
"பிரச்சினையைத் தேடுங்கள், அதற்குள் ஒரு பொருள் இருக்கும்"
என்று பார்த்துப் படித்தேன்.
பின்பெஞ்சிலிருந்து மாதேஷ்:
"பிரச்சினை நிறைய இருக்கு டீச்சர்.
எதை முதல்ல விக்கிறது?"

குழுவுக்கு ஐந்நூறு ரூபாய்.
சௌடேஸ்வரியின் குழு ஜவ்வரிசி வடாம் என்றது.
மாதேஷின் மாமா சேகோ ஆலையில் இருக்கிறார்,
இரண்டு கிலோ சும்மாவே வரும்.
"மாமா விலை கணக்குல நிக்காது.
கடை விலை போடு" என்றாள் அவள்.
அம்மாவின் கேஸுக்கு அறுபது ரூபாய் எழுதினாள்,
அடுப்பு வாடகை என்று.
பெயருக்கு ஒரு வாரம் சண்டை.
கடைசியில் ஷபானா வைத்ததுதான் நின்றது:
மொட்டைமாடி வடாம்.
முப்பது ரூபாய்க்கு லேபிள்,
"பொரித்துச் சாப்பிடவும்" என்று சிவப்பு மையில்.

ஆவணியில் யாராவது வடாம் போடுவார்களா?
எனக்குத் தோன்றவில்லை.
கையேட்டில் மாதம் எதுவும் போட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை, வேலைநாள்.
எட்டு மணிக்கே கூழ் அண்டா
சைக்கிள் கேரியரில் வந்து சேர்ந்தது.
மொட்டைமாடியில் நான்கு வேட்டி விரித்து
ஸ்பூன் ஸ்பூனாய் முந்நூறு வட்டம்.
காக்கா விரட்ட மாதேஷ், கையில் அடிஸ்கேல்.
எதிரே சேர்வராயன் மலை
வெயிலில் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது.

மூன்று மணிக்கு மலையைக் காணவில்லை.

மூலைக்கு ஒருவராய் வேட்டியைத் தூக்கிக்கொண்டு
படியில் ஓடி வந்தார்கள்.
ஒன்பது 'பி'யின் டெஸ்க்குகள் மேல்
அடி ஈரமும் ஓரம் மொறுமொறுப்புமாய்
முந்நூறு வட்டங்கள்.
யாரும் பேசவில்லை.
ஆறாம் பாடத்தைப் புரட்டினேன்:
தோல்வி ஒரு படிக்கட்டு.
சத்தமாகப் படிக்காமல் மூடிவிட்டேன்.

கோகோ ஆடிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பொடிசுகள்
மழைக்கு வராந்தாவில் ஒதுங்கி நின்றார்கள்.
ஜன்னல் கம்பி வழியே ஒரு கை நுழைந்தது.
ஒன்றை உரித்தது. வாய்க்குள் போட்டது.
மாதேஷ் ஸ்கேலை ஓங்கினான்.
"இருடா" என்றாள் சௌடேஸ்வரி.
"எப்படி இருக்கு தம்பி?"
"அக்கா, இன்னொண்ணு."
"இன்னொண்ணு ரெண்டு ரூபா."

அவ்வளவுதான்.
லேபிளில் "பொரித்து" மட்டும் அடிக்கப்பட்டது.
ஜன்னல் கடையானது.
ஈர டவுசர் பைகளிலிருந்து ஈர நாணயங்கள்.
பதினொரு பேர் திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள்;
அதில் ஒருவன் கொடுத்த பெயரில்
பள்ளியில் யாருமே இல்லை.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..."
என்று எண்ணி எண்ணிக் கொடுத்தாள் அவள்.
"ஒண்ணு எங்கே போச்சு?" என்றேன், கணக்கு டீச்சர்.
"எங்க தெருக் கடையில அரிசி அளக்கும்போது
இப்படித்தான் டீச்சர் ஆரம்பிப்பாங்க."
நானும் மூன்று வாங்கினேன், பத்து ரூபாய் நீட்டி
மீதி வேண்டாம் என்றேன்.
நாலு ரூபாயை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.
"விலை ரெண்டு ரூபாதான் டீச்சர்."

மழை விட்டதும் கூட்டமும் கலைந்தது.
விற்றது நூற்று அறுபத்து மூன்று.
செலவு இருநூற்று எழுபத்தைந்து போக
கையில் இருபத்தொன்பது, வாக்கில் இருபத்திரண்டு.
மிச்ச வட்டங்களை யார் எடுத்துப்போவது என்று
அடுத்த சண்டை தொடங்கியிருந்தது.

சாயங்காலம் ஐந்து ரோட்டில்
ஆட்டோக்காரர் நூறு என்றார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"எண்பது" என்றேன், வாழ்க்கையில் முதல் முறையாக.
அவர் என் தலைக்கு மேலே பார்த்தார்.
மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது.
"நூத்திப்பத்து" என்றார்.